உங்கள் வார்டு நர்ஸ் ஏன் வேலையை விட்டுப் போகிறார்?

உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருந்த நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் வருவார். கேஸ் ஷீட்டைப் பார்ப்பார், இரண்டு கேள்வி கேட்பார், மருந்து எழுதுவார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்க நோயாளி யார் கையில் இருக்கிறார்? டிரிப்ஸ் மாற்றுவது, நேரத்துக்கு ஊசி போடுவது, பிபி பார்ப்பது, காய்ச்சல் குறிப்பது, நடுராத்திரியில் மூச்சு வாங்கினால் முதலில் கவனித்து டாக்டரைக் கூப்பிடுவது எல்லாமே நர்ஸ்தான்.

அந்த நர்ஸ் அடுத்த மாதமும் அதே வார்டில் இருப்பாரா என்பது உங்கள் சிகிச்சையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் நம்மில் பலர் அதை ஆஸ்பத்திரியின் உள்விவகாரம் என்று நினைத்துக்கொள்கிறோம். "ஒருத்தர் போனா இன்னொருத்தர் வரப்போறாங்க, நமக்கென்ன?" என்று விட்டுவிடுகிறோம். நமக்கு என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. கடைசியில், உங்கள் போனை வைத்தே நீங்கள் செய்யக்கூடிய சில காரியங்களும் இருக்கின்றன.

முதலில் ஒரு கணக்கு

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். கல்லூரி இல்லாத பொது மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒருவர். இதோடு, விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதலாக வைத்திருக்க வேண்டும்.

'மூணு பேருக்கு ஒரு நர்ஸா, பரவாயில்லையே' என்று தோன்றும். ஆனால் இது மொத்தப் பணியிடக் கணக்கு. ஒரு நாளில் மூன்று ஷிஃப்ட் இருக்கிறது. மூன்றாகப் பிரித்தால், ஒரு ஷிஃப்டில் 9 நோயாளிக்கு ஒருவர். 5 படுக்கைக்கு ஒருவர் என்றால், ஒரு ஷிஃப்டில் 15 பேருக்கு ஒருவர்.

இப்போது 45 படுக்கை உள்ள ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். அளவுகோல்படி 15 நர்சுகள், ஷிஃப்டுக்கு 5 பேர். மூன்று பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 12 பேர், ஷிஃப்டுக்கு 4 பேர். ஒவ்வொருவர் தலையிலும் 11, 12 நோயாளிகள். வேலை கூடியதால் களைத்துப்போய் இன்னும் மூன்று பேர் போனால், ஷிஃப்டுக்கு 3 பேர்தான். ஒருவருக்கு 15 நோயாளிகள்.

பல மருத்துவமனைகளில் நைட் ட்யூட்டி 12 மணி நேரம், அதாவது 720 நிமிடம். 9 நோயாளிகள் இருந்தால் ஒருவருக்கு 80 நிமிடம் கிடைக்கும். 15 பேர் ஆனால் 48 நிமிடம். மருந்து, ஊசி, ரெஜிஸ்டர், புது அட்மிஷன், போன் எல்லாம் அதற்குள்தான். ஒரு நோயாளிக்குத் திடீரென மோசமானால் மற்ற 14 பேரும் காத்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் மூன்று பேர் போனதே அடுத்த மூன்று பேர் போவதற்குக் காரணமாகிறது. நர்சுகள் வெளியேறுவது ஒரு சங்கிலி. ஆரம்பத்திலேயே கவனிக்காவிட்டால் தானாக நிற்காது.

ஒரே ஒரு நோயாளி கூடினால் என்ன ஆகும்?

இதை அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,30,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களையும், 10,000-க்கும் மேற்பட்ட நர்சுகளின் பதில்களையும் லிண்டா எய்கன் என்ற பேராசிரியரின் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. 2002-ல் முடிவு வெளியானது.

ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அதே ஒரு நோயாளியால், நர்ஸ் மனமும் உடலும் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் திருப்தி இல்லாமல் போகும் வாய்ப்பு 15 சதவீதமும் கூடின. 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை வைத்து நடந்த ஆய்விலும் இறப்பு பற்றிய அதே 7 சதவீதம்தான் வந்தது.

நோயாளியின் உயிரும் நர்சின் மனநிறைவும் இரண்டு தனித்தனி விஷயம் என்று நினைத்திருந்தோம். இரண்டையும் ஒரே காரணம் பாதிக்கிறது என்பதுதான் இந்த எண்கள் சொல்வது.

எண்ணிக்கை மட்டுமல்ல, அனுபவமும் முக்கியம். பத்து வருடம் சர்ஜரி வார்டில் இருந்த ஒரு சிஸ்டர், நோயாளியின் முகத்தைப் பார்த்தே "இவங்களுக்கு ஏதோ சரியில்ல" என்று சொல்லிவிடுவார். மூச்சு கொஞ்சம் வேகமாவது, சிறுநீர் அளவு குறைவது, வழக்கத்தைவிடப் பேச்சுக் குறைவது எல்லாம் அவர் கண்ணில் படும். அவர் போய், படிப்பு முடித்து ஆறு மாதமான ஒருவர் வந்தால், பணியிடப் பட்டியலில் காலியிடம் இல்லை என்றுதான் காட்டும். ஆனால் அந்தக் கண் போய்விட்டது.

ஏன் போகிறார்கள்?

நர்ஸ்களைப் படிக்க வைப்பதில் தமிழ்நாடு முன்னோடி. 1871-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் நர்சிங் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1946-ல் இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதலில் வந்த இரண்டு இடங்களில் ஒன்று வேலூர் சிஎம்சி. நம்மிடம் படித்த நர்சுகள் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் வேலை செய்கிறார்கள். 1978-ல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு நர்சுகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. நல்ல சம்பளம் தேடி ஒருவர் போவது அவருடைய உரிமை. இங்கே இருக்க விரும்புகிறவர்களும் போக வேண்டிய நிலை வருவதுதான் யோசிக்க வேண்டியது. காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, சம்பளமும் நிரந்தரமும். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி 7,000-க்கும் மேற்பட்ட நர்சுகளை ஒப்பந்த முறையில் எடுத்தது. தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் ஆகிவிடும் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தார்கள். காலியிடம் வரவரத்தான் நிரந்தரம் என்றானபோது, 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் பெரிய போராட்டமே நடந்தது. பிறகு தொகுப்பூதியம் 14,000, அடுத்து 18,000 என்று உயர்ந்தது. ஆனாலும் அதே வார்டில், அதே வேலையைச் செய்யும் நிரந்தர நர்சோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. தனியார் மருத்துவமனைகளில், குறிப்பாகச் சிறிய ஊர்களில், இந்த இடைவெளி இன்னும் பெரிது.

இரண்டாவது, நர்ஸ் செய்ய வேண்டியதில்லாத வேலை. மருந்துக்கு இண்டென்ட் போடுவது, ஸ்டோருக்கு ஆள் அனுப்புவது, ஸ்கேன் அறைக்குப் போன் போட்டுக் காத்திருப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் தேடுவது, ஒரே விவரத்தை நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் இரண்டு தடவை ஏற்றுவது. நோயாளியைப் பார்க்கத்தான் நான்கு வருடம் படித்தார். ஆனால் நாளின் பாதி பேப்பரோடு போகிறது.

மூன்றாவது, குடும்பம். நைட் ட்யூட்டி முடித்து வீட்டுக்கு வந்தால் தூங்க முடியாது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், சமைக்க வேண்டும். கல்யாணம் ஆன புதிதிலும், முதல் குழந்தை பிறந்த பிறகும் வேலையை விடுகிறவர்கள் இதனால்தான் விடுகிறார்கள். அடுத்த வார ட்யூட்டி என்னவென்று முன்கூட்டியே தெரியாவிட்டால் சிரமம் இரட்டிப்பு.

நான்காவது, மரியாதை. இதில் நமக்கும் பங்கு உண்டு. படுக்கை கிடைக்கவில்லை, ஸ்கேன் தாமதம், டாக்டர் வரவில்லை என்றால், நம் கோபம் முழுக்க எதிரில் நிற்கும் நர்ஸ் மேல்தான் விழுகிறது. அந்த மூன்றில் ஒன்றையும் முடிவு செய்தவர் அவர் இல்லை. டாக்டரிடம் "சார், மேடம்" என்று பேசுகிற நாமே, நர்சிடம் "ஏம்மா, இங்க வா" என்கிறோம்.

இருக்க வைப்பது எது?

'சம்பளத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒரு எண்ணம் உண்டு. பாதிதான் உண்மை. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959-ல் சொன்ன ஒரு விளக்கம் இங்கே உதவும். சம்பளம், வேலை நிலைமை, மேலதிகாரி நடத்தும் விதம் இவையெல்லாம் குறைந்தால் அதிருப்தி வரும். சரிசெய்தால் அதிருப்தி போகும், அவ்வளவுதான். வேலையில் மனநிறைவு வருவது வேறு விஷயங்களால்: நல்லா செஞ்சோம் என்ற உணர்வு, பாராட்டு, பொறுப்பு, முன்னேற வழி. குறைந்த சம்பளம் ஒருவரைத் துரத்திவிடும். நல்ல சம்பளம் மட்டுமே ஒருவரை இருக்க வைத்துவிடாது.

இதை நடைமுறையில் பார்த்த இடம் ஒன்று உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதும் நர்ஸ் பற்றாக்குறை. அந்த நேரத்திலும் சில மருத்துவமனைகளில் மட்டும் நர்சுகள் போகாமல் நிலைத்திருந்தார்கள். அமெரிக்க நர்சிங் அகாடமி அப்படிப்பட்ட 41 மருத்துவமனைகளை அடையாளம் கண்டு, என்ன வித்தியாசம் என்று பார்த்தது. நர்சுகளைக் காந்தம் போல் இழுத்து வைத்துக்கொண்டதால் அவற்றுக்குக் 'காந்த மருத்துவமனை' என்றே பெயர் வந்தது. அங்கே போதுமான ஆட்கள் இருந்தார்கள். தலைமை நர்சுக்கு நிர்வாகத்தில் உண்மையான குரல் இருந்தது. நோயாளி விஷயத்தில் நர்சின் கருத்தை டாக்டர்கள் கேட்டார்கள். ட்யூட்டி நேரத்தில் நெகிழ்வு இருந்தது. மேலே படிக்க வழி இருந்தது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வேறு வழியில் போனது. 2000-லிருந்து அங்கே பெரிய அரசு மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் பகல் ஷிஃப்டில் 4 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று கட்டாயமாக்கினார்கள். வேலையை விட்டுப் போயிருந்த நர்சுகள் பலர் திரும்பி வந்தார்கள். 2015-ல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். வேலை தாங்கும் அளவில் இருந்தால் போனவர்களும் வருவார்கள் என்பதற்கு இது உதாரணம்.

இங்கே விதிகள் என்ன சொல்கின்றன?

உங்கள் வீட்டிலோ தெருவிலோ நர்ஸ் ஒருவர் இருந்தால், இந்தப் பகுதியை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

சம்பளம்: 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியதன்படி மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, தனியார் மருத்துவமனை நர்சுகளின் சம்பளத்துக்குப் பரிந்துரை தந்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அதே நிலையிலுள்ள மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் இருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 வரை இருந்தால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50-க்குக் கீழ் என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. இது பரிந்துரை. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

மகப்பேறு: 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, சம்பளத்தோடு கூடிய விடுப்பை 26 வாரம் வரை ஆக்கினார்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் மகப்பேறு விடுப்பு.

பாதுகாப்பு: மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் வன்முறையிலிருந்து காக்க 2008-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. டாக்டரைப் போலவே நர்சும் அதன் பாதுகாப்பில் வருகிறார். கை ஓங்கினால் சிறைத் தண்டனை வரை போகும். பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பணியிடங்களை நிரப்புவது அரசின், நிர்வாகத்தின் வேலை. ஆனால் ஒரு நர்சின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதில் உங்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

1. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பேட்ஜில் பெயர் இருக்கும். பெயர் தெரியாவிட்டால் "சிஸ்டர்", ஆண் நர்ஸ் என்றால் "பிரதர்" போதும்.

2. மருந்து எடுக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். டிரேயில் பல நோயாளிகளின் மருந்து இருக்கும். அந்த நேரத்தில் கவனம் சிதறினால் தவறு நடக்கலாம். போட்டு முடித்த பிறகு கேளுங்கள்.

3. சந்தேகம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். "சிஸ்டர், இது எதுக்கான மருந்து? நேத்து வேற கலர்ல இருந்துச்சே?" என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல நர்ஸ் அதை வரவேற்பார். தவறைத் தடுக்கும் இன்னொரு கண் அது.

4. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கொஞ்சம் பொறுங்கள். பழைய நர்ஸ் புதியவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் விவரம் சொல்லி ஒப்படைக்கும் நேரம் அது. அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள்.

5. பார்வையாளர் நேரத்தை மதியுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு உதவியாளர் போதும். ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் நர்ஸ் பக்கத்தில் வரவே வழி இருக்காது.

6. புகாரைச் சரியான இடத்தில் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் குறை என்றால் 104 சுகாதார உதவி எண்ணில் சொல்லலாம். 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண்ணிலும் பதிவு செய்யலாம். தேதி, வார்டு, நேரம் மூன்றையும் சொல்லுங்கள். 'இரவு ஷிஃப்டில் 40 பேருக்கு ஒரே நர்ஸ்தான் இருந்தார்' என்று நீங்கள் பதிவு செய்தால், அது அந்த நர்ஸ் மேல் புகார் ஆகாது. அவருக்கும் சேர்த்து நீங்கள் கேட்கும் உதவி.

7. பாராட்டையும் பதிவு செய்யுங்கள். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 'மேரா அஸ்பதால்' திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்கள் எஸ்எம்எஸ், போன் அழைப்பு, மொபைல் செயலி, இணையதளம் வழியாகக் கருத்துச் சொல்லலாம். அப்படி அழைப்பு வந்தால் கட் பண்ணாதீர்கள். தனியார் மருத்துவமனை என்றால், டிஸ்சார்ஜ் ஆகும்போது தரும் கருத்துப் படிவத்தில் நர்சின் பெயரைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள். அல்லது நர்சிங் கண்காணிப்பாளரிடம் நேரில் சொல்லுங்கள். பதவி உயர்வு நேரத்தில் அந்த இரண்டு வரி உதவலாம்.

8. மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கேளுங்கள். ஏசி அறையா, டிவி இருக்கா என்று கேட்கிறோம். "ராத்திரி இந்த வார்டுல எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ் இருப்பாங்க? அவங்கள்ல அனுபவம் உள்ளவங்க எத்தனை பேர்?" என்றும் கேளுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் இதைக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. பத்துப் பேர் கேட்க ஆரம்பித்தால், பதில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு வரும்.

இவற்றில் எதற்கும் பணம் செலவில்லை. எட்டாவதை மட்டும் இப்போதே போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது அட்மிஷன் தேவைப்படும்போது, டாக்டர் யார் என்று விசாரிக்கும் அதே நேரத்தில், ராத்திரி பக்கத்தில் இருக்கப்போகும் நர்சைப் பற்றியும் விசாரியுங்கள்.